சீனிவாச இராமானுஜனும் பதின்மூன்று இலக்கப் பேரெண்ணும்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் என்றதும் நம்மவர் பலருக்கு 1729 என்னும் எண் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் நோயுற்றுக் கிடந்தவரைக் காணச் சென்ற பேராசிரியர் ஹார்டி ஏறிவந்த வாடகை மோட்டார் வண்டியின் இலக்கம் அது. அந்த நான்கிலக்க எண்ணின் கதை எத்தனையோ மேடைகளிலும் மலர்களிலும் சொல்லப்பட்டுவிட்டது. ஈண்டு அதனை விரித்தல் வேண்டா. அன்னாருடைய வாழ்க்கையோடு அதனினும் நெருங்கிய தொடர்புடைய வேறோர் எண் உண்டு. அது 6,746,328,388,800.

நமது வழக்கிற் சொல்வதாயின், 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. விநாடிக்கு ஒன்றாக இரவு பகல் ஓயாது எண்ணத் தொடங்கினால் இதனை எண்ணி முடிக்க 2 இலட்சத்து 13 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற் செல்லும். 1915ஆம் ஆண்டில் இராமானுஜன் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் உள்ள நெடிய அட்டவணையின் கடைசி எண் இதுவே. தாய்நாட்டிற் பரீட்சையில் மீண்டும் மீண்டும் தவறிய அவருக்கு ஒரு பட்டத்தைத் தேடித் தந்தது அக்கட்டுரை.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி ஈரோட்டில், தாயின் பிறந்தகத்திற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணிப் பெருமாள் சந்நிதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதுபவர். வருவாய் சொற்பம். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனை பாடுபவர். நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயாரிடத்தில் அளவிறந்த பக்தி பூண்டவர். அப்பக்தி மகனுக்கும் வந்தது. தமது கணித முடிவுகள் தாயாரின் அருளால் உதித்தவை என்று அவர் நண்பர்களிடம் சொல்லி வந்தார்.

கும்பகோணம் ரவுண் உயர்தரப் பாடசாலையில் அவர் பரிசுகள் பல பெற்ற மாணவர். 1903ஆம் ஆண்டளவில் கார் என்னும் ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு எட்டிற்று. ஐயாயிரத்துக்குக் கிட்டிய கணித முடிவுகளை வரிசையாக நிரைத்து, நிறுவல்களைப் பெரும்பாலும் விடுத்துச் செல்லும் நூல் அது. மற்றவருக்கு அது பரீட்சைக்கு உதவும் கைநூல். இராமானுஜனுக்கோ ஒவ்வொரு வரியும் தாமே நிறுவிக் காட்டவேண்டிய ஓர் அறைகூவலாயிற்று. அன்று தொட்டு வேறு பாடம் எதுவும் அவர் மனத்திற் பற்றவில்லை. 1904இற் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்தார்; ஆங்கிலத்தில் தவறியமையால் அதனை இழந்தார். வீட்டிற் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போன கதையும் இக்காலத்ததே. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து எப்.ஏ. பரீட்சை எழுதினார். 1906இலே தவறினார், 1907இலே மீண்டுந் தவறினார். கணிதத்தில் எவரும் குறை சொல்லவில்லை. உடற்றொழிலியல் முதலிய ஏனைய பாடங்களே காலை வாரிவிட்டன.

பரீட்சையில் தவறிய பிள்ளை உள்ள வீட்டின் நிலையை நம்மவருக்குச் சொல்லவேண்டுவதில்லை. பட்டமில்லை, பட்டமில்லாதவனுக்கு உத்தியோகமுமில்லை. 1909இலே ஜானகி என்னும் சிறுமியைப் பெற்றோர் அவருக்கு மணம் முடித்து வைத்தனர். குடும்பப் பொறுப்பு வந்தபின் அவர் தமது கணிதக் குறிப்பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார். கடதாசி வாங்கப் பணமில்லாமையாற் கற்பலகையிற் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டிற் குறித்துவைத்தது இந்நாளிலேதான். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய இராமசுவாமி ஐயர் அந்த ஏடுகளின் தகைமையை அறிந்தார். நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாவுக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. அங்கு மேலாளராயிருந்த நாராயண ஐயரும் கணிதம் வல்லவர். அது நற்காலமே.

1913 ஜனவரியிற் கேம்பிறிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியைச் சேர்ந்த ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதம் உலகறிந்தது. அதற்கு முன் வேறு பேராசிரியர்களுக்கும் எழுதியிருந்தார், பயன் கிட்டவில்லை. ஹார்டியும் அவருடைய நண்பர் லிற்றில்வூட்டும் கடிதத்திலிருந்த முடிவுகளை ஆராய்ந்து, எழுதியவர் பெரும் மேதை எனத் தெளிந்தனர். சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபா உபகாரச் சம்பளம் வழங்கிற்று. எனினும் கடல் கடத்தல் ஆசாரத்துக்கு விரோதம் எனக் குடும்பத்தார் தடுத்தனர். நாமகிரித் தாயார் கனவிலே தோன்றி மகனைத் தடுக்காதே எனக் கட்டளையிட்டதாகத் தாயார் சொன்ன பின்னரே தடை நீங்கிற்று என்பர். குடுமியைக் களைந்து, மேனாட்டு உடை தரித்து, 1914 மார்ச் 17ஆந் திகதி நெவாசா என்னும் கப்பலில் ஏறினார். ஏப்பிரலில் இலண்டன் சேர்ந்தார். சில மாதங்களில் முதலாம் உலக யுத்தம் மூண்டது.

இனி அப்பேரெண்ணிடம் வருவோம்.

கோயிலிலே பன்னிரண்டு மாம்பழம் பிரசாதமாக இருக்கிறது எனக் கொள்வோம். பழத்தை அரியாமல், மிச்சமின்றி, யாவருக்கும் சமமாகக் கொடுக்கவேண்டும். ஒருவருக்குக் கொடுக்கலாம், இருவர், மூவர், நால்வர், அறுவர், பன்னிருவர் என்றாலும் கொடுக்கலாம். ஆகவே 12இற்கு ஆறு காரணிகள். பதின்மூன்று பழமாயின் ஒருவருக்குக் கொடுக்கலாம், அன்றேல் பதின்மூவருக்குக் கொடுக்கலாம், வேறு வழியில்லை. பதின்மூன்று போல்வன முதன்மை எண்கள். யவன தேசத்து யூக்கிளிட் காலந்தொட்டுக் கணிதர் பெரிதும் துருவி ஆராய்ந்தது இந்த வளையாத எண்களையே. இராமானுஜன் மறுகோடியைப் பார்த்தார். தன்னிற் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுந்த காரணிகளை உடைய எண்கள் எவை? அவற்றுக்கு அவர் இட்ட பெயரை உயர் சேர்த்தி எண்கள் எனத் தமிழிற் சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என அவை செல்லும்.

இவ்வரிசையைப் பார்க்கும்போது நம்முடைய பஞ்சாங்கமே கண்முன் நிற்கிறது. இராசி 12, நாளுக்கு நாழிகை 60, வருடச் சக்கரம் 60, விம்சோத்தரி தசை 120 வருடம், இராசிச் சக்கரம் 360 பாகை, மண்டலாபிஷேகம் 48 நாள். பகுத்துக் கொடுக்க இலகுவான எண்களைக் கணக்காளர் விரும்புவது இயல்பே. ஆயினும் நாம் மிகவும் போற்றும் 108 இவ்வரிசையில் இடம்பெறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதற்குக் காரணிகள் பன்னிரண்டு; அத்தனை காரணிகள் 60இற்கே வந்துவிடுகின்றன. 108இன் பெருமைக்குக் காரணம் வேறு.

ஓர் எண்ணின் காரணிகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கத் தேவையில்லை. அதனை முதன்மை எண்களின் பெருக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு முதன்மை எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அத்துடன் ஒன்று கூட்டி, அவற்றைப் பெருக்கினாற் போதும். 360இலே 2 மூன்று முறை, 3 இரண்டு முறை, 5 ஒரு முறை. எனவே 4, 3, 2 ஆகியவற்றின் பெருக்கமாகிய 24 காரணிகள். நமது பேரெண்ணிலே 2 ஆறு முறை வருகிறது. 3 நான்கு முறை. 5 இரண்டு முறை. 7 இரண்டு முறை. 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஆகவே 7, 5, 3, 3 என்பவற்றைப் பெருக்கி, அதனை ஐந்து முறை இரட்டித்தால் 10,080 வரும். அவ்வெண்ணுக்குப் பத்தாயிரத்து எண்பது காரணிகள். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. 1 முதல் 28 வரையுள்ள எந்த எண்ணாலும் மிச்சமின்றி வகுபடும் இவ்வெண் 29இலேதான் இடறுகிறது. 10,080 என்பதும் உயர் சேர்த்தி எண்களுள் ஒன்றாயிருப்பது பார்க்க இன்பந் தருவது.

ஆனால் அதனிற் சிறிய எதற்கும் இத்தனை காரணி இல்லை என்பதை எவ்வாறு அறிவது? ஆறே முக்கால் இலட்சம் கோடி எண்களையும் எவராற் சோதிக்க இயலும்? இங்கேதான் இராமானுஜனின் திறன் விளங்குகிறது. எண்களைத் தேடிப் போகாமல், அவை எந்த வடிவில் இருக்கமுடியும் என்பதை முதலில் வரையறுத்தார். 18இற்கு ஆறு காரணிகள், 12இற்கும் ஆறே. 18இலே 3 இருமுறையும் 2 ஒருமுறையும் வருகின்றன. அதனைத் தலைகீழாக்கினால் 12 ஆகிறது. எண் சிறுத்தது, காரணி குறையவில்லை. எனவே உயர் சேர்த்தி எண்ணிலே சிறிய முதன்மை எண் பெரியதினும் குறைந்த முறை வருதல் கூடாது. இடையில் ஒரு முதன்மை எண்ணை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுதலும் கூடாது. கடைசி முதன்மை எண் ஒரு முறையே வரும். இவ்விதிக்கு 4, 36 ஆகிய இரண்டுமே விலக்கு என்றும் நிறுவினார்.

இவ்வளவில் எண்ணிறந்தவை கழிந்துபோகும். எஞ்சியவற்றைத் தராசில் இட்டு நிறுப்பது போல ஒப்பிடவேண்டும். 23 என்னும் புதிய முதன்மை எண்ணைச் சேர்த்தால் காரணிகள் இருமடங்காகும். ஆனால் எண் 23 மடங்கு பருத்துவிடும். ஆறு முறை வந்த 2ஐ ஏழாம் முறையும் சேர்த்தால் எண் இருமடங்கே. ஆனாற் காரணிகள் ஏழுக்கு எட்டு என்ற அளவிலேதான் ஏறும். எங்கே எது ஊதியம், எது நட்டம் என்பதைச் சமனிலிகளாற் கணித்து, ஒவ்வொரு முதன்மை எண்ணும் எத்தனை முறை வரலாம் என்பதற்கு இருபுறமும் எல்லை கட்டினார். இக்கட்டுரையிலே சமனிலிகளைக் கையாளும் வித்தையில் அவருக்கிருந்த அசாதாரணமான ஆட்சி தெளிவாகத் தெரிகிறது என ஹார்டி பின்னர் எழுதினார்.

நமது கூட்டங்களில் இராமானுஜனைப் பற்றிப் பேசுவோர், அம்பாள் கனவிலே சூத்திரங்களை எழுதிக் காட்டினாள், இவர் விழித்தெழுந்து பிரதி செய்தார் என்ற அளவில் நிறுத்திவிடுகின்றனர். அவருடைய பக்தியில் எமக்கு ஐயமில்லை. அதனைக் குறைத்துப் பேசும் மேனாட்டார் சிலரின் போக்கும் எமக்கு உடன்பாடன்று. ஆனால் அந்த அட்டவணையை ஒருமுறை பார்த்தவர் கனவுக் கதையோடு நின்றுவிடமாட்டார். 102 எண்கள், ஒவ்வொன்றுக்கும் அதன் காரணிகளின் தொகை, அதன் முதன்மை எண் பெருக்கம். மின்னணுக் கணினி தோன்றாத காலத்தில், குளிருக்குப் பழகாத உடம்போடு, தாமே சமைத்துண்ட சைவச் சாப்பாட்டோடு, யுத்தத்தாற் காய்கறியும் அருகிப்போன ஊரிலிருந்து கணித்தவை அவை. தாயார் அருளியிருந்தாலும் பெருக்கிப் பார்த்தது இவருடைய கையே.

அக்கட்டுரை 1915இலே இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் 63 பக்கங்களில் வெளிவந்தது. அதனைக் கொண்டே 1916 மார்ச்சிற் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலை ஆராய்ச்சிக்குரிய பி.ஏ. பட்டத்தை அவருக்கு வழங்கிற்று. எப்.ஏ. பரீட்சையில் இருமுறை தவறியவருக்கு, அந்த எப்.ஏ. இல்லாமலே, பத்தாண்டு கழியுமுன் கிடைத்த பட்டம் அது.

63 பக்கமும் அவர் எழுதியதன் முழுமையன்று. யுத்த காலத்திற் கணிதச் சங்கத்துக்குப் பண முடை ஏற்பட்டிருந்தது. அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டு இராமானுஜன் கட்டுரையின் ஒரு பகுதியை வெளியிடாது நிறுத்திக்கொண்டார். அப்பகுதியின் கதையைப் பின்னர்ச் சொல்வோம்.

அடுத்து ஹார்டியுடன் சேர்ந்து அவர் ஆராய்ந்தது எண்களின் பிரிவீடுகளை. 4ஐ முழுவெண்களின் கூட்டாக ஐந்து வகையில் எழுதலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 200ஐ எத்தனை வகையில் எழுதலாம்? மக்மகோன் என்னும் அறிஞர் கையாற் கணித்துப் பெற்ற விடை 3,972,999,029,388. இதுவும் பதின்மூன்று இலக்கமே! 1918இல் வெளியான ஹார்டி-இராமானுஜன் சூத்திரத்தின் எட்டு உறுப்புக்களைக் கூட்டியபோது, அவ்விடையே ஆயிரத்தில் நான்கு பங்கு வித்தியாசத்துடன் வந்து நின்றது. அந்தச் சூத்திரத்தை 1937இலே ராடமாகர் முற்றுஞ் சரியானதாக்கினார்.

1917இல் நோய் பற்றிக்கொண்டது. அன்றைய வைத்தியர் பலர் சயரோகம் என்றனர். மருத்துவமனைகளிலிருந்தே எழுதினார். 1918இலே றோயல் சங்கத்தின் அங்கத்தவராகவும், அதே ஆண்டு ஒக்டோபரில் திரினிற்றிக் கல்லூரியின் பெலோவாகவும் தெரிவு செய்யப்பட்டார். திரினிற்றியில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. 1919இலே தாயகம் திரும்பினார். உடல் தேறவில்லை. படுக்கையிற் கிடந்தபடியே கணக்கெழுதினார். மனைவி ஜானகி உடனிருந்து பணிவிடை செய்தார். 1920 ஏப்பிரல் 26ஆந் திகதி சென்னைச் சேத்துப்பட்டிற் காலமானார். வயது முப்பத்திரண்டு. ஜானகி அம்மையார் அதன்பின் எழுபத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1994இலே மறைந்தார்.

அட்டவணையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல உண்டு. பின்வந்தோர் அதனைச் சரிபார்த்தபோது, 102 எண்களும் சரியானவையே. ஆனால் இடையில் ஒன்று விடுபட்டிருந்தது. அது 293,318,625,600. கோடிக் கணக்கில் 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. அதன் காரணிகள் 5,040. இதில் வியப்பு யாதெனில், அட்டவணையின் கடைசி எண்ணாகிய நமது பேரெண்ணை 23ஆல் வகுத்தால் வருவது அந்த விடுபட்ட எண்ணே. கடதாசியும் பென்சிலும் உள்ள மாணாக்கர் இப்பொழுதே வகுத்துப் பார்க்கலாம். 23 நீங்கியதும் காரணிகள் சரிபாதியாகி, 10,080 என்பது 5,040 ஆகின்றது. அக்கண்ணி விடுபட்டதனால் அவர் நிறுவிய விதிகளுள் ஒன்றேனும் பழுதுபடவில்லை. விடுபட்ட எண்ணும் அவ்விதிகளுக்குள்ளேயே அடங்குகிறது.

அவர் நிறுத்திவைத்த பகுதிக்கு வருவோம். 1944இலே அலாவோக்லு, எர்டோஷ் என்னும் இருவர் இவ்வெண்களின் ஆராய்ச்சியை மேலே கொண்டு சென்றனர். அவர்கள் ஆராய்ந்தவற்றுட் சில அந்த அச்சேறாத தாள்களில் முன்னரே இருந்தன. 1984இலே பிரான்சு நாட்டுக் கீ றோபன் ஒரு முடிவை வெளியிட்டார். 5,040இனும் பெரிய எந்த எண்ணை எடுத்தாலும் அதன் காரணிகளின் கூட்டுத்தொகை ஒரு குறித்த எல்லைக்குள் அடங்கும் என்று காட்டிவிட்டால், 1859 தொடக்கம் நிறுவப்படாதிருக்கும் றீமன் ஊகத்தையே நிறுவியதாகும் என்பது அது. அந்த 5,040 உயர் சேர்த்தி எண். விடுபட்ட எண்ணின் காரணித் தொகையும் அதுவே. காரணிகளின் கூட்டுத்தொகைக்கு இத்தகைய எல்லையை இராமானுஜன், றீமன் ஊகம் மெய்யெனக் கொண்டு, அத்தாள்களில் ஆராய்ந்திருந்தார். 1988இலே அத்தாள்களின் நிழற்படங்கள் நூலாக வெளிவந்தன. நிக்கோலா என்பவரும் அதே றோபனும் அவற்றை ஒழுங்குபடுத்திக் குறிப்புரை எழுதினர். 1997ஆம் ஆண்டு, இராமானுஜன் பெயராலேயே தொடங்கப்பட்ட கணித சஞ்சிகையின் முதற் தொகுதியில், முதற்பகுதி வெளியாகி 82 ஆண்டுகள் சென்றபின், எஞ்சிய பகுதி அச்சேறியது.